மக்காச்சோளத்தில் உளுந்து: எந்த நாளில் விதை போடுவது?

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல் கொல்லை. போன வருடம் புரட்டாசி 10-ஆம் தேதி மக்காச்சோளம் விதைத்திருக்கிறார். முதல் களை வெட்டிய பிறகு, 22-ஆம் நாள், வரிசைக்கு நடுவே உளுந்தை ஊன்றியிருக்கிறார். செடி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிட்டது. இரண்டு ஏக்கரில் சேர்த்து 35 கிலோதான் தேறியது. பக்கத்துக் கொல்லைக்காரர் இரண்டையும் ஒரே நாளில் விதைத்து, மக்காச்சோளம் குறையாமல், ஏக்கருக்கு ஒரு குவிண்டால் உளுந்து எடுத்திருக்கிறார். அதற்கு முந்தின வருடம் நம் வாசகர் தட்டைப்பயறைப் பத்து நாள் முன்னால் போட்டுப் பார்த்தாராம். அப்போது மக்காச்சோளம் குன்றிப்போனது. "முன்னால் போட்டாலும் நட்டம், பின்னால் போட்டாலும் நட்டம். சரியான நாள் எது? ஒரு ஏக்கரில் ஆடியில் சோளமும் துவரையும் போட நினைக்கிறேன். அங்கே துவரையைப் பிந்திப் போடலாமா? உளுந்தை ஒரே நாளில் போட்டால் கார்த்திகை மழையில் காய் நனைந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் நீங்கள் உளுந்தைத் தள்ளிப் போட்டதற்கான காரணம் இருக்கிறது. அது நியாயமான பயம். அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம். முதலில் அந்த 22 நாள் இடைவெளி உங்கள் கொல்லையில் என்ன செய்தது என்று நாள் கணக்கு வைத்துப் பார்க்கலாம்.

மக்காச்சோளம் ஈரத்தில் விழுந்த ஐந்தாறு நாளில் வெளியே வந்துவிடும். 20 முதல் 22 நாளில் ஏழெட்டு இலை, ஒரு மாதத்தில் முழங்கால் உயரம். 60 சென்டிமீட்டர் வரிசையாக இருந்தால் 35 முதல் 40 நாளுக்குள் பக்கத்து வரிசை இலைகள் ஒன்றையொன்று தொட்டுக் கூரை போட்டுவிடும். 50 முதல் 55 நாளில் ஆண் பூ. அந்தச் சமயத்தில்தான் செடியில் இலைப்பரப்பு உச்சத்தில் இருக்கும், தரையில் விழும் வெயில் மிகக் குறைவாக இருக்கும். உளுந்து 30 முதல் 35 நாளில் பூக்கும், 65 முதல் 70 நாளில் முற்றும்.

இந்த இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் விதைத்தால், மக்காச்சோளம் கூரை போடுகிற நேரத்தில் உளுந்து பூவெடுக்கத் தொடங்கியிருக்கும். இலையும் வேரும் கட்டுகிற முதல் ஒரு மாதம் முழு வெயிலில் கழிந்திருக்கும். சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டு அரை நிழலில் காய் பிடிக்கும். 22 நாள் பிந்திப் போட்டால், உளுந்து பூக்கிற நாள் மக்காச்சோளத்தின் 52 முதல் 57-ஆம் நாளில் வந்து விழுகிறது. கூரை முழுவதும் மூடிய நாள் அது. உளுந்து முளைத்த பிறகு நல்ல வெயில் பார்த்ததே இரண்டு வாரம்தான். பூ வந்தாலும் உதிரும், நின்ற காயிலும் மணி நிறையாது. நீங்கள் "நெடுநெடுவென்று வளர்ந்தது" என்று எழுதியது வளர்ச்சி ஆகாது. வெயிலைத் தேடித் தண்டு நீண்டிருக்கிறது. அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கிக் கணுவுக்குக் கணு இடைவெளியை விரலால் அளந்து, வரப்போரம் வெயிலில் நின்ற செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிழலில் வளர்ந்ததில் கணு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி நீண்டு, தண்டு நூல்போல மெலிந்து, கிளையே இல்லாமல் இருக்கும். உளுந்தில் காய் பிடிப்பது கணுவிலும் கிளையிலும்தான். கிளை இல்லையென்றால் காய்க்கு இடமே இல்லை.

வேரையும் பாருங்கள். நன்றாக இருக்கிற உளுந்துச் செடியை 25 முதல் 30-ஆம் நாளில் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசினால் வேரில் கடுகிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு இலை அனுப்புகிற சர்க்கரைதான் உணவு. நிழலில் இலைக்கே சர்க்கரை போதாதபோது வேருக்கு எதை அனுப்பும்? பிந்தி ஊன்றிய பயறில் மகசூலும் போய், மண்ணுக்குக் கிடைக்க வேண்டியதும் போவது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊடுபயிராக நிற்கிற பயறு அதே பருவத்தில் மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து ஊட்டும் என்று பலர் நம்பி யூரியாவைக் குறைக்கிறார்கள். பயறு உயிரோடு இருக்கும்போது பக்கத்துப் பயிருக்குக் கசிகிற அளவு மிகச் சொற்பம். வேரும் சருகும் மண்ணில் மட்கிய பிறகு, அடுத்த பயிருக்குத்தான் அந்தப் பலன். மக்காச்சோளத்தின் மேலுரத்தைப் பயறை நம்பிக் குறைக்காதீர்கள். ஆனால் அந்த மேலுரத்தை மக்காச்சோள வரிசையின் ஓரத்தில் மட்டும் வைத்து மூடுங்கள். கொல்லை முழுக்க இறைத்தால் உளுந்தின் வேர் சும்மா கிடைக்கிற சத்தை எடுத்துக்கொண்டு முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும்.

இனித் தட்டைப்பயறு கதை. பத்து நாள் முன்னால் போட்டது மக்காச்சோளத்தை ஏன் குன்ற வைத்தது? தட்டைப்பயறு வெளியே வந்த வேகத்திலேயே இலை விரிக்கிற பயிர். படரும் ரகமாக இருந்தால் மூன்று வாரத்தில் வரிசை இடைவெளியை அடைத்துவிடும். மக்காச்சோளம் அப்போதுதான் மூன்று நான்கு இலையில் நிற்கும். அதற்கு மிக முக்கியமான நாட்கள் அவை. ஐந்தாறு இலை விரிகிற காலத்தில் குருத்துக்குள் கதிரின் முளை உருவாகத் தொடங்குகிறது. கதிரில் எத்தனை வரிசை மணி என்பது அதைத் தொடர்ந்த சில நாட்களிலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் ஈரத்துக்கும் வெயிலுக்கும் போட்டி வந்தால், பிறகு எவ்வளவு உரம் வைத்தாலும் அந்த வரிசை திரும்பி வராது. பிறகு கொடி தண்டில் ஏறிக் கட்டிப்போட்டிருந்தால் மழைக்காற்றில் செடி சாய்ந்திருக்கவும் கூடும்.

ஆக, உங்கள் கொல்லைக்கு விடை: மக்காச்சோளமும் உளுந்தும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில். அன்று முடியாவிட்டால் அதிகபட்சம் மூன்று நாள் தள்ளலாம். ஒரு வாரம் தாண்டினால் உளுந்தின் பங்கு கரையத் தொடங்கும். 15 நாள் தாண்டிவிட்டால் அந்த விதையைக் கொல்லையில் போடாமல் வீட்டில் வைத்துக்கொள்வது லாபம். மக்காச்சோளத்தைப் பிந்திப் போடுகிற யோசனையே வேண்டாம்.

ஒரே நாள் என்று நான் சொல்வது விதைத்த நாளை மட்டும் அல்ல, முளைத்து வெளியே வரும் நாளையும் சேர்த்துத்தான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மக்காச்சோளத்தை 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். உளுந்து 2.5 முதல் 3 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உளுந்து முளைக்கும்போது இரண்டு விதைப் பருப்பையும் சுமந்துகொண்டு மண்ணைத் துளைத்து வெளியே வர வேண்டும். டிராக்டர் விதைப்புக் கருவியில் எல்லாக் கொழுவையும் ஒரே ஆழத்தில் வைத்து ஓட்டினால், உளுந்து தாமதமாக வரும். விதைத்த மறுநாள் அடித்த மழையில் மேல்மண் ஏடு கட்டினால் பாதி வெளியே வராமலே கழுத்து முறிந்துபோகும். ஒரே நாளில் விதைத்தும் தாமதமாகப் போட்டதற்குச் சமமாக ஆகிவிடும். கருவியில் உளுந்து விழுகிற கொழுவை மட்டும் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். அது முடியாத கருவியானால், மக்காச்சோளத்தை மட்டும் கருவியில் ஓட்டிவிட்டு, உளுந்தை அன்றோ மறுநாளோ ஆள் வைத்துச் சிறு கோடு இழுத்துப் போடுவது மேல். மண் ஏடு கட்டியிருந்தால் நான்காம் நாள் காலையில் முள்கிளையை லேசாக இழுத்து ஏட்டை உடைத்துவிடலாம். முளை வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு அதைச் செய்யாதீர்கள்.

எப்போது விதைப்பது என்பதை நாட்காட்டி மட்டும் சொல்லாது, மண்ணும் சொல்ல வேண்டும். நல்ல ஓர் உழவு மழை, அதாவது 20 முதல் 25 மில்லிமீட்டர் பெய்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கி, கையில் பிடித்த மண் உருண்டு, தட்டினால் உதிர்கிற பதம் வர வேண்டும். 10 மில்லிமீட்டர் தூறலை நம்பி உளுந்தைப் போட்டால் முளை விட்டு மண்ணுக்குள்ளேயே கருகும். மக்காச்சோள விதை கொஞ்சம் ஆழத்தில் இருப்பதால் தாக்குப் பிடித்து அடுத்த மழையில் வரும். அப்புறம் உளுந்துக்கு மறு விதைப்பு, மறுபடியும் இடைவெளி. பாடுவாசி, அதாவது முளைக்காத இடத்தில் மறுபடி விதை ஊன்றுவதை, ஏழெட்டு நாளுக்குள் மட்டும் செய்யுங்கள். பத்து நாளுக்குப் பிறகு ஊன்றிய விதை பக்கத்துச் செடியின் நிழலில்தான் நிற்கும்.

இடைவெளியைப் பற்றி. இப்போது நீங்கள் 60 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் வைத்திருக்கிறீர்கள். நடுவே ஒரு வரிசை உளுந்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடி. இது சரிதான், பக்கத்துக் கொல்லைக்காரர் செய்ததும் இதுவாகவே இருக்கும். ஆனால் நீங்கள் இணை வரிசையை யோசித்துப் பாருங்கள். இரண்டு மக்காச்சோள வரிசையை 45 சென்டிமீட்டரில் நெருக்கிவிட்டு, அடுத்த இணைக்கு 75 சென்டிமீட்டர் விடுங்கள். ஏக்கருக்கு மக்காச்சோளச் செடியின் எண்ணிக்கை மாறாது, சுமார் 27,000 அப்படியே இருக்கும். அந்த 75 சென்டிமீட்டரில் 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரண்டு வரிசை உளுந்து. அகலமான இடைவெளி மூடுவதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும், உளுந்து பூக்கிற வாரத்தில் அந்த வெயில் கிடைக்கும். வேலை கெட்டு விதைப்பு இரண்டு மூன்று நாள் பிந்தினாலும் இந்த அமைப்பு கொஞ்சம் தாங்கும். களை வெட்டுக்கும் நடந்து போக இடம் இருக்கும்.

விதை ஏக்கருக்கு மக்காச்சோளம் 8 கிலோ, ஊடுபயிர் உளுந்து 4 கிலோ போதும். உளுந்துக்கு வம்பன் 8 போல ஒரே சமயத்தில் முற்றுகிற, மஞ்சள் தேமல் நோயைத் தாங்குகிற ரகம் வேண்டும். விதைக்கு முதல் நாள் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வையுங்கள். விதைக்கிற அன்று ஆறின அரிசிக் கஞ்சியில் வேர் முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியம் 200 கிராம் பொட்டலத்தைக் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்திப் போடுங்கள். வெயிலில் காய வைத்தால் பாக்டீரியா செத்துப்போகும், கஞ்சி மட்டும்தான் விதையில் இருக்கும்.

களைக்கொல்லி விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தனி மக்காச்சோளத்துக்கு எல்லோரும் அடிக்கிற அட்ரசின் உளுந்தையும் தட்டைப்பயறையும் துவரையையும் கொன்றுவிடும். ஊடுபயிர் போடுகிற கொல்லையில் அதைத் தொடவே கூடாது. பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. ஏக்கருக்கு 1 முதல் 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில், விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்கலாம். விதை மண்ணுக்குள் சரியாக மூடியிருக்க வேண்டும், மேலே தெரிகிற விதையை அது பாதிக்கும். மக்காச்சோளம் முளைத்த பிறகு அடிக்கக் கடையில் தருகிற மருந்துகள் அகன்ற இலைக் களையைக் கொல்பவை. உங்கள் உளுந்தும் அவற்றுக்கு ஒரு களைதான். 20-ஆம் நாள் ஒரு கைக்களை கட்டாயம். 35-ஆம் நாள் உளுந்து பூவில் இருக்கும்போது கொத்து போட்டு வேரை அறுக்காதீர்கள், பெரிய களையைக் கையால் பிடுங்கினால் போதும்.

நீங்கள் முதல் களைக்குப் பிறகு உளுந்தை ஊன்றியதற்குக் களை வெட்டு சுலபமாக இருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வரிசை நேராக இருந்தால் ஒரே நாளில் விதைத்த கொல்லையிலும் களை வெட்டுவது சிரமம் இல்லை. கையால் இறைத்து விதைத்தால்தான் சிரமம். அதனால் உளுந்தை இறைக்காதீர்கள், கோடு பிடித்துப் போடுங்கள்.

உளுந்து பூக்கத் தொடங்கியதும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளியுங்கள், 15 நாள் கழித்து இன்னொரு முறை. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவு ஊற வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி, மாலையில் அடிக்க வேண்டும். கூரைக்கு அடியில் இருக்கிற பயிருக்கு இது வெயிலில் நிற்கிற தனிப்பயிரை விட அதிகம் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். 22 நாள் பிந்திய உளுந்தை எந்தத் தெளிப்பும் மீட்டுத் தராது.

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவையும் மறக்கக் கூடாது. 2018-இல் நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோள விதைப்பு நாள் தனி ஒருவர் முடிவாக இருப்பதில்லை. ஊரில் எல்லோரும் விதைத்து மூன்று வாரம் கழித்து நீங்கள் விதைத்தால், முதல் கொல்லைகளில் பெருகிய அந்துப்பூச்சி எல்லாம் உங்கள் இளங்குருத்தைத் தேடி வரும். உளுந்துக்காக மக்காச்சோளத்தின் நாளைத் தள்ளாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு. உங்களிடம் மிச்சம் இருக்கிற தட்டைப்பயறு விதைக்கு அதுவே நல்ல இடம். அங்கே அது எவ்வளவு முந்தி வந்தாலும் மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது.

"எங்கள் தாத்தா காலத்தில் பயறைப் பிறகுதானே போடுவார்கள்" என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் அதுவும் பொய்யில்லை. எந்தப் பயறு, எந்தத் தானியம் என்பதைப் பொறுத்து நாள் மாறும். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர், மாலி போன்ற வறண்ட நாடுகளில் கம்பை முதல் மழையில் போட்டுவிட்டு, படரும் காராமணியை, அதாவது நம் தட்டைப்பயறை, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் போடுகிறார்கள். அங்கே கம்புக் குத்துகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், கூரை மூடுவதே இல்லை. காராமணி முந்தினால் கம்பை அமுக்கிவிடும். நம் காவிரி டெல்டாவில் தாளடி, சம்பா நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தையும் பயறையும் நெல்லுக்குள்ளேயே இறைக்கிறார்கள். அதுவும் தானியத்துக்குப் பின்னால் வருகிற பயறுதான். ஆனால் விதை முளைத்த சில நாளிலேயே நெல்லை அறுத்துவிடுவார்கள், முழு வெயில் திரும்பிவிடும். உங்கள் மக்காச்சோளத்தில் 22-ஆம் நாள் ஊன்றுவது இந்த இரண்டிலும் சேராது. அங்கே வெயில் குறைந்துகொண்டே போகிறது. தானியத்தின் இலை விரிந்துகொண்டிருக்கும்போது பயறு பிந்தினால் நட்டம், தானியத்தின் இலை காய்ந்துகொண்டிருக்கும்போது வந்தால் பிழைக்கும்.

அதனால், உளுந்துக்கு நாள் தவறிவிட்டால் பேசாமல் காத்திருந்து, மக்காச்சோளத்தின் கீழ் இலைகள் காய்ந்து, கதிரின் உறை வெளுக்கத் தொடங்கும்போது, மண்ணில் ஈரம் இருந்தால், கொள்ளு போடலாம். ஏறத்தாழ 85 முதல் 90-ஆம் நாள். பனி ஈரத்திலேயே வருகிற பயிர் அது. மார்கழிக்குள் மழை நின்றுவிட்டு மண் வெடித்துவிட்டால் அதையும் போடாதீர்கள்.

ஆடிக் கொல்லைக்கு வருகிறேன். சோளமும் துவரையும் சேர்வதுதான் மானாவாரியில் நான் மனதார நம்புகிற கூட்டு. அங்கே இரண்டும் ஒரே நாள் என்பதில் விவாதமே இல்லை. துவரை முதல் 45 முதல் 60 நாள் மிக மெதுவாக வளரும். சோளம் அந்த நேரத்தில் மேலே போய், 95 முதல் 105 நாளில் அறுவடையாகிவிடும். 170 முதல் 180 நாள் துவரைக்கு அதற்குப் பிறகு இரண்டரை மாதம் முழுக் கொல்லையும் சொந்தம். ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து செய்த ஆய்வுகளில், இரண்டு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை துவரை என்று ஒன்றாக விதைத்தபோது, சோளம் தனிப்பயிரை ஒட்டிய மகசூலையும் துவரை தனிப்பயிரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையும் கொடுத்தன. ஒரு மழையில் இரண்டு பயிரும் இப்படிக் கிடைப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் தேவை உச்சத்துக்கு வருகிற காலம் வேறு வேறாக இருப்பதுதான்.

துவரையைப் பிந்திப் போட்டால் என்ன ஆகும்? நீண்ட நாள் ரகங்கள் பகல் சுருங்குவதைப் பார்த்துப் பூக்கிறவை. ஆடியில் போட்டாலும் ஆவணிக் கடைசியில் போட்டாலும் பூக்கிற காலம் பெரிதாகத் தள்ளிப் போகாது. பிந்திப் போட்ட செடி சின்னதாக இருக்கும்போதே பூவெடுத்துவிடும். அதாவது நீங்கள் தாமதித்த நாட்களைத் துவரை தன் உடம்பிலிருந்து கழித்துக்கொள்கிறது. ஏற்கனவே சோள நிழலில் மெதுவாக வருகிற செடிக்கு இது இரட்டை அடி. புரட்டாசியில்தான் போட முடிகிறது என்றால் ஊடுபயிராக வேண்டாம், வரிசையை நெருக்கித் தனிப்பயிராகப் போடுங்கள்.

சோளத்தின் பக்கமிருந்தும் ஒரு நெருக்கடி இருக்கிறது. ஆடி பாதிக்குள், ஜூலை முடிவதற்குள், விதைத்தால் 95 நாள் ரகம் ஐப்பசி நடுவில், பெருமழை வலுப்பதற்கு முன் கதிர் அறுக்கலாம். ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் மணி முற்றுகிற நேரம் மழையில் மாட்டி, கதிரில் பூசணம் பிடித்து மணி கறுக்கும். பிந்திய சோளத்துக்குக் குருத்து ஈயும் அதிகம். முளைத்த முதல் மாதத்தில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் அழுகிய வாடை வந்தால் அது குருத்து ஈதான். ஆடி மழை ஜூலைக்குள் கிடைக்காவிட்டால் சோளத்தைத் தீவனத்துக்கென்று போட்டு, துவரையை முதன்மைப் பயிராக வைத்துக்கொள்ளுங்கள். இணை வரிசைச் சோளம் 30 சென்டிமீட்டர், அடுத்த இணைக்கு 60 சென்டிமீட்டர் விட்டு, அந்த 60-இன் நடுவில் துவரை. சோளம் அறுக்கும்போது தட்டையை அடியோடு வெட்டி உடனே வெளியேற்றுங்கள். வெட்டிய தட்டையைத் துவரை மேல் சாய்த்துப் பத்து நாள் காயப் போடுகிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. வெயில் கிடைக்க வேண்டிய பத்து நாளை அப்படி அடைத்துவிடக் கூடாது.

இப்போது நீங்கள் பயந்த கார்த்திகை மழை. செப்டம்பர் 26-இல் உளுந்து போட்டால் டிசம்பர் முதல் வாரம் அறுவடை. வடகிழக்குப் பருவமழை அப்போதும் நிற்காது. காய் செடியிலேயே நனைந்து காய்ந்து நனைந்தால் மணி நிறம் மங்கும், சில சமயம் காய்க்குள்ளேயே முளைக்கும். இதற்கு நீங்கள் கண்ட வழி, விதைப்பைத் தள்ளி அறுவடையை மார்கழிக்குக் கொண்டுபோவது. மழைக்குத் தப்பியது, நிழலில் மாட்டியது. மழையில் சேதமாகிற பங்கு எவ்வளவு இருந்தாலும், நிழலில் நீங்கள் இழந்த அளவு இருக்காது என்பதற்குப் பக்கத்துக் கொல்லையின் ஒரு குவிண்டாலே சாட்சி.

அறுவடையை மாற்றுங்கள். எல்லாக் காயும் கறுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பத்துக் காயில் எட்டு கறுத்ததும், மழை இல்லாத ஒரு காலைப்பொழுது கிடைத்தால், செடியை அடியில் அறுத்து அன்றைக்கே கொல்லையை விட்டு வெளியேற்றுங்கள். பிடுங்காதீர்கள், அறுங்கள். வேர் முடிச்சு மண்ணில் இருக்கும், மணியோடு மண்ணும் கலக்காது. குவியலாகப் போட்டால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். திண்ணையிலோ, கொட்டகையிலோ, மேலே தார்ப்பாய் கட்டிய களத்திலோ அரை அடிக்கு மிகாமல் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். மழை மூன்று நாள் விடாமல் பெய்கிறது, செடியை அறுக்கவும் வழியில்லை என்றால், முற்றிய காயை மட்டும் ஒரு முறை பறித்துவிடுவது ஆள்கூலிக்குத் தகும். அடித்து எடுத்த பிறகு, மணியைக் கடித்தால் நறுக்கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

மழை தாமதமாகி, அக்டோபர் 15-க்குப் பிறகுதான் விதைக்க முடிகிற வருடம் வந்தால் கணக்கே தலைகீழ். அப்போது உளுந்து டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்த நேரத்தில் முற்றும், நல்ல மணி கிடைக்கும். ஆனால் மக்காச்சோளம் மணி நிறைகிற தை மாதத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. அந்த வருடம் மக்காச்சோளத்தைக் குறைத்து, ஓர் இணை மக்காச்சோளத்துக்கு நான்கு வரிசை உளுந்து என்று மாற்றுங்கள். ரகமும் 95 நாள் அளவில் முடிகிற மக்காச்சோளமாக இருக்கட்டும்.

லாபமா நட்டமா என்று பார்க்க ஒரு சிறு கணக்கு உதவும். கணக்குக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். தனி மக்காச்சோளம் ஏக்கருக்கு 15 குவிண்டால், ஊடுபயிரோடு 14 என்றால் 14-ஐ 15-ஆல் வகுக்க 0.93. தனி உளுந்து 250 கிலோ, ஊடுபயிரில் 100 என்றால் 0.40. கூட்டினால் 1.33. ஒரு ஏக்கரில், ஒன்றே கால் ஏக்கருக்கு மேல் தனித்தனியாகப் போட்டு எடுக்க வேண்டியதை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் போன வருட உளுந்து ஏக்கருக்கு 17.5 கிலோ, அதாவது 0.07. அதில் விதைக்குப் போட்ட 4 கிலோவைக் கழியுங்கள், ஊன்றிய ஆள்கூலியையும் கழியுங்கள்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். வருகிற புரட்டாசியில் ஒரு ஓரத்தில் ஐந்து ஐந்து சென்ட் மூன்று பட்டை ஒதுக்குங்கள். மக்காச்சோளத்தை மூன்றிலும் ஒரே நாளில் போடுங்கள். உளுந்தை முதல் பட்டையில் அன்றே, இரண்டாவதில் ஏழாம் நாள், மூன்றாவதில் பதினைந்தாம் நாள். விதை அளவு, உரம், ரகம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பட்டைகள் ஒரே மண்ணில், மரநிழல் படாத இடத்தில் இருக்க வேண்டும். உளுந்து முளைத்து வெளியே தெரிந்த நாள், முதல் பூ கண்ட நாள், பூக்கிறபோது மக்காச்சோளம் எந்த உயரத்தில் நின்றது என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். அறுவடையில் வரப்போரத்து வரிசைகளை விட்டுவிட்டு, நடுவில் ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர் அளந்து, மக்காச்சோளத்தையும் உளுந்தையும் தனித்தனியே காய வைத்து எடை போடுங்கள். அந்த ஆறு எடையும் குறித்த நாட்களும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்கு அடுத்த வருடத்துக்கான வரிசை விகிதத்தை உங்கள் கொல்லையின் எண்ணை வைத்தே முடிவு செய்யலாம்.